முந்திரிக்கொட்டையும் விசிறி இல்லாத பெட்டியும்

தனக்குப் பொறாமையே கிடையாது என்று யாராவது சொன்னால் அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொள்வது என் வழக்கம். என் சிநேகிதி பெரியவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "ஆமா, எனக்கு வயிறு எரியுது. இப்ப அதுக்கு என்னங்கற?" என்று நேராகவே கேட்பாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அவள் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்து அச்சகத்துக்கு அனுப்புவாள். ஒற்று விட்டிருக்கிறதா, கால் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. அவளுடைய பக்கங்களில் பெரும்பாலும் எனக்கு வேலையே இருக்காது. அது எனக்கு எரிச்சல்தான், என்ன செய்வது.

தெருவில் அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வீடு போய்ச் சேர முடியாது. எதிலும் அவள் முந்திக்கொள்ள வேண்டும். தட்டச்சு வகுப்பில் முதலில் தேறியவள் அவள். துறைமுக அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்த முதல் பெண்ணும் அவள்தான். அந்த அலுவலகம் ஆள் குறைத்தபோது வேலையை விட்டுப் போனவர்களிலும் அவளே முதல் ஆள். போகச் சொல்லுமுன் தானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்த கையோடு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வந்தது அதுதான் முதல் தடவை.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அண்ணன், தம்பி இரண்டு பேருக்கும் சேர்ந்த பழைய வீடு. நடுவில் பலகைச் சுவர் அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். வாசல் தனி, அடுப்படி தனி, பின்னால் குளியலறை மட்டும் இருவருக்கும் ஒன்று. அண்ணன் மின்சார அலுவலகத்தில் மீட்டர் படிக்கிறவர். அவருடைய மனைவிதான் பெரியவள். ஊரார் மீட்டரையெல்லாம் படித்துவிட்டு வந்து வீட்டு மீட்டரையும் ஒருமுறை படிப்பார். எந்த அறையை விட்டு வெளியே வந்தாலும் சுவிட்சை அணைத்துவிட்டு வருவது அந்த வீட்டில் மூச்சு விடுவது மாதிரி. தம்பி லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பது அதிகம். அவன் மனைவி சின்னவள்.

பெரியவளின் கம்ப்யூட்டர் டாஸ் ஓடுகிற பெட்டி. சுவிட்சைப் போட்டால் விசிறி உறுமும், மெமரியை ஒவ்வொரு எண்ணாக எண்ணும், அப்புறம் கறுப்புத் திரையில் ஒரு குறியைக் காட்டிவிட்டுச் சும்மா நிற்கும். என்ன செய்ய வேண்டும் என்று நாம்தான் எழுதிச் சொல்ல வேண்டும். ஒரு புள்ளி தவறினாலும் அது கேட்காது. பெரியவளுக்கு எல்லாக் கட்டளையும் மனப்பாடம். எழுத்தைத் தடிமனாக்க ஒரு குறி, வரியை நடுவில் வைக்க ஒரு குறி, பத்தி உள்ளே தள்ள ஒரு குறி. பக்கம் எப்படி வந்திருக்கிறது என்பது அச்சிட்ட பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். அவளுக்கு அச்சிடாமலே தெரியும். விரல் மோதிரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, போர்வையை மடித்துப் போட்ட முக்காலியில் உட்கார்ந்தாளென்றால் அந்தப் பலகைச் சுவரே அதிரும். அச்சக முதலாளி எந்த வேலை வந்தாலும் "அந்த அம்மாகிட்ட குடு" என்றுதான் சொல்வார். தெருவில் வழி கேட்டால்கூட "கம்ப்யூட்டர்க்கார அம்மா வீட்டுக்கு அடுத்தது" என்பார்கள்.

எல்லாம் சின்னவள் வந்து சேரும் வரைக்கும்.

சின்னவள் ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் உதவியாளராக இருந்தவள். அங்கே புதிது வாங்கியபோது பழையதில் ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வைத்துக்கொள்வதற்கென்றே செய்த சாதி அது. கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே சாம்பல் நிறப் பெட்டி. மேல் வரிசை விசைகள் மட்டும் சிவப்பு. பக்கவாட்டில் ஒரு பிளாப்பி வாய். ஹார்ட் டிஸ்க் கிடையாது, விசிறிகூடக் கிடையாது.

பார்க்கப் போன அன்று நானும் உடன் இருந்தேன். பெரியவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "பொம்மை மாதிரி இருக்கே. இதுல போய் என்ன வேல—" என்றாள். பேச்சு முடிவதற்குள் திரை வந்துவிட்டது. எண்ணவும் இல்லை, உறுமவும் இல்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டம் முழுவதையும் ரோம் சிப்புகளில் எழுதி உள்ளேயே பொருத்தியிருக்கிறார்கள், டிஸ்க்கிலிருந்து ஏற்றுகிற வேலையே இல்லை என்றாள் சின்னவள். பெரியவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் அப்படி மூடி நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வந்தது ஒவ்வொன்றும் அவளுக்கு ஒரு சூடு. மவுஸில் மூன்று பட்டன். நடுப் பட்டனை அழுத்தினால் அம்பு நிற்கிற இடத்திலேயே பட்டியல் விரிந்தது. ஒரு விண்டோவில் கடிகாரம் ஓட, இன்னொன்றில் கட்டுரை, அதற்குப் பின்னால் படம் வரைகிற நிரல், எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து கிடந்தன. எழுத்துக்களின் ஓரத்தில் படிக்கட்டு இல்லை. ஓரப் புள்ளிகளுக்குச் சாம்பல் நிறம் பூசி வழவழப்பாகக் காட்டியது. எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடப் பக்கம் எப்படி அச்சாகும் என்று திரையிலேயே தெரிந்துவிடும். அப்படியானால் அச்சிடாமலே தெரிந்தவள் என்கிற பெருமைக்கு இனி என்ன மதிப்பு? அவள் முகத்தில் அந்தக் கேள்விதான் எழுதியிருந்தது.

"இது எப்படி இவ்ளோ வேகம்?" என்று நான் கேட்டுத் தொலைத்தேன்.

"ரிஸ்க் சிப்புங்க. அதுக்குத் தெரிஞ்ச கட்டளையே கொஞ்சம்தான். ஆனா தெரிஞ்சத டக்கு டக்குன்னு முடிச்சுட்டுப் போயிட்டே இருக்கும். மத்த சிப்புக்கு நெறைய தெரியும், ஒவ்வொண்ணையும் யோசிச்சு யோசிச்சுச் செய்யும்" என்றாள் சின்னவள்.

"கொஞ்சம்தான் தெரியும்னா அதுல என்ன பெருமை?" என்றாள் பெரியவள்.

சின்னவள் சிரித்துவிட்டு, "இதுலயும் கொற இருக்குக்கா. எல்லா நிரலும் ஒண்ணுக்கொண்ணு தானா வழி விட்டாத்தான் ஓடும். ஒண்ணு மட்டும் நகர மாட்டேன்னு உக்காந்துட்டா மத்ததெல்லாம் வெளிய காத்துக் கெடக்க வேண்டியதுதான். நம்ம வீட்டு பாத்ரூம் மாதிரி" என்றாள்.

காலையில் குளியலறைக்குள் போனால் எளிதில் வெளியே வராதவள் யார் என்பது தெருவுக்கே தெரியும். சின்னவள் கபடமில்லாமல்தான் சொன்னாள் என்று நான் இன்றும் நம்புகிறேன். பெரியவள் நம்பவில்லை.

கடைசி அடி பிளாப்பியால் விழுந்தது. பெரியவள் தன் பிளாப்பி ஒன்றைக் கொண்டுவந்து, "இதப் படிக்குமா உன் பெட்டி?" என்று நீட்டினாள். படித்தது. டாஸ் பிளாப்பியை அதற்குத் தெரிந்திருந்தது. ஆனால் சின்னவளின் பிளாப்பியைப் பெரியவளின் கம்ப்யூட்டரில் போட்டபோது அது பழுதான டிஸ்க் என்று திரும்பத் திரும்பச் சொன்னது. "அவ என் வீட்டுக்குள்ள எல்லா அலமாரியையும் தெறந்து பாப்பா. நான் அவ வாசல்ல நிக்கணுமா?" என்று என்னிடம் பொருமினாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

விசிறி இல்லாததுதான் அவளை ரொம்பப் படுத்தியது. தன் பெட்டி ஓடினால் தெருவுக்கே கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. சின்னவள் வேலை செய்கிறாளா, தூங்குகிறாளா, ஒரு பக்கம் முடித்தாளா, பத்து முடித்தாளா, ஒன்றும் தெரியாது. கையில் கரண்டியோடு பலகையில் காதை வைத்துக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். "என்னடி பண்றே?" என்றேன். "ஒண்ணும் கேக்கல" என்றாள் பரிதாபமாக. எதிராளியின் சத்தம் கேட்டாலாவது கொஞ்சம் நிம்மதி இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பேருந்து நிறுவனத்தின் கால அட்டவணைப் புத்தகம் அச்சகத்துக்கு வந்தது. எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் எப்போது என்று பக்கம் பக்கமாகக் கட்டம், கூடவே எல்லா வழித்தடங்களையும் காட்டுகிற பெரிய வரைபடம். ஒவ்வொரு வருடமும் திருத்திப் போடுகிற வேலை. அதைச் செய்கிறவருக்கு அச்சகத்தின் மற்ற வேலைகளும் தானாக வரும். முதலாளி சின்னவள் வீட்டுக்கு ஒருமுறை போனார். வரைபடத்தில் ஒரு கோட்டை அவள் மவுஸால் பிடித்து வளைப்பதையும், பெரிதாக்கிப் பார்த்தாலும் அது பிசிறில்லாமல் இருப்பதையும் பார்த்தார். திரும்பி வந்து, "வேல சின்னவங்களுக்கு" என்று சொல்லிவிட்டார். பெரியவளிடம் அதைச் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டினார்.

"நல்லா இருக்கட்டும்" என்றாள் பெரியவள். அவள் வாயில் அந்த வார்த்தை சாபம் மாதிரிக் கேட்டது.

சின்னவள் வரைபடத்தை முடித்து, அட்டவணையைத் தொடங்கும் நேரத்தில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்புக்குத் தகடு வைக்க வேண்டும், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மா வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருக்க வேண்டும் என்றார்கள். "பெரியவ கண்ணு பட்டுருச்சு" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். முதலாளி கையைப் பிசைந்துகொண்டு பெரியவளிடம் வந்து நின்றார். சின்னவளின் பெட்டியிலேயே உட்கார்ந்து மீதி அட்டவணையை அடித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவு வேகமாக அடிக்க வேறு யாரால் முடியும்?

பெரியவள் கொஞ்சம் பிகு செய்துவிட்டு ஒத்துக்கொண்டாள். சின்னவள் கையைக் கழுத்துத் தூளியில் மாட்டிக்கொண்டு வண்டிக்குப் போகும்போது வாசலில் நின்று, "அக்கா, அந்தப் பெட்டியில ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துக்கணும்—" என்றாள்.

"எனக்கா சொல்லித் தர்ற? நீ பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு படிச்ச காலத்துல நான் கம்ப்யூட்டர் பாத்தவ. போ, வண்டி நிக்குது."

சின்னவள் போய்விட்டாள்.

மீதிக் கைப்பிரதி வந்து பெரியவள் உட்கார்ந்தபோது சின்னவள் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீடு சேர்ந்திருந்தாள். அன்றைய தினத்தைப் பற்றிப் பெரியவள் பிற்பாடு என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். முதலில் எரிச்சல் எரிச்சலாக வந்ததாம். முடித்த பக்கத்துக்குப் பெயர் கொடுத்து என்டர் தட்டினால், ஐகானை இழுத்துக்கொண்டு போய் ஒரு டிஸ்க் விண்டோவில் போடு என்று அது பதில் சொன்னது. "வேலைக்காரன் முதலாளிக்கு வேல சொல்றானா?" என்று திட்டிக்கொண்டே இழுத்துப் போட்டாள். மெல்ல மெல்லக் கை பழகியது. அப்புறம் எரிச்சல் வேறு மாதிரி ஆயிற்று. கட்டங்கள் அவள் விரலுக்கு முன்னால் ஓடின. அடிக்கிற வேகத்துக்குத் திரை ஈடுகொடுத்தது. இருபது வருடமாகத் தட்டச்சு செய்கிறவள், ஒரு கருவிக்காகக் காத்திருக்காமல் அடித்தது அன்றுதான். "இந்தச் சொகம் ஒரு பலகைக்கு அந்தாண்ட இத்தன நாளா இருந்திருக்கு. அவ ரெண்டு வெரல்ல தட்டித் தட்டி வீணடிச்சிருக்கா" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். பொறாமைக்கு நடுவில் காதல் வந்தால் மனுஷி என்ன ஆவாள் என்று அதைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த நிலையில்தான் அவள் கண்ணில் அந்த ஐகான் பட்டது. திரையின் அடியில், பிளாப்பி ஐகானுக்குப் பக்கத்தில் இன்னொரு டிஸ்க். திறந்து பார்த்தால் எழுத்துருக்கள் எல்லாம் அதில் அடுக்கியிருந்தன. பிளாப்பியில் ஒரு பக்கத்தைப் போட்டால் கர்ரென்று நேரம் எடுத்தது. இதில் போட்டால் கையை எடுப்பதற்குள் முடிந்தது. பெரியவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. ஹார்ட் டிஸ்க்! இல்லை என்று சொன்னாளே கள்ளி! பெரியவள் கண் வைத்துவிடுவாள் என்று மறைத்திருக்கிறாள்! ஐகானுக்குக் கீழே ரேம் என்று எழுதியிருந்தது. ரேம் என்றால் மெமரி என்பது பெரியவளுக்கு நன்றாகவே தெரியும். டிஸ்க்குக்குப் போய் யாராவது அந்தப் பெயரை வைப்பார்களா? ஆளை ஏமாற்றத்தான் பெயரை மாற்றி வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினாள்.

உண்மையில் அது மெமரிதான். மெமரியில் ஒரு துண்டை ஒதுக்கி, அதை டிஸ்க் மாதிரி காட்டுவது அந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் வித்தை. ஒற்றை பிளாப்பி வாயில் மாற்றி மாற்றிப் போடுகிற தொல்லைக்குச் சின்னவள் கண்ட வழி. பெட்டியை இயக்கியதும் எழுத்துருக்கள் பிளாப்பியிலிருந்து தாமாகவே அதற்குள் வந்து உட்காரும்படி செய்து வைத்திருந்தாள். மின்சாரம் இருக்கிற வரைக்கும்தான் அதற்கு உயிர்.

மறைத்து வைத்ததைக் கண்டுபிடித்த வெற்றியில் பெரியவள் எல்லாவற்றையும் அங்கேயே சேர்த்தாள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் பழைய இடத்தில் மிச்சம் வைக்காமல் முழுதாக நகரும் என்பதையும் தானே கண்டுகொண்டாள். பிளாப்பியில் இருந்த சின்னவளின் வரைபடத்தையும் அப்படியே நகர்த்தினாள். அட்டவணை முழுவதும் முடிந்தது. அத்தனை அழகான வேலை தன் வாழ்நாளில் செய்ததில்லை என்று இன்றைக்கும் சொல்கிறாள். முடித்துவிட்டு எழுந்தாள். மீட்டர்காரர் பெண்டாட்டி அல்லவா, பெட்டியை மட்டுமல்ல, சுவரில் இருக்கிற சுவிட்சையும் அணைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை முதலாளியும் நானும் பக்கங்களை வாங்கப் போனோம். பெரியவள் புதுப் புடவை கட்டியிருந்தாள். "உக்காருங்க, பாருங்க" என்று சின்னவளின் நாற்காலியில் மகாராணி மாதிரி அமர்ந்து சுவிட்சைப் போட்டாள். திரை வந்தது. அந்த டிஸ்க்கைத் திறந்தாள். எழுத்துருக்கள் வரிசையாக இருந்தன. அட்டவணை இல்லை. பிளாப்பியைத் திறந்தாள். அதில் வரைபடமும் இல்லை. மூடினாள், மறுபடி திறந்தாள்.

முதலாளி குனிந்து பார்த்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் கண் இருக்கிறது. "மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. நம்ம வேல மட்டும் காணோமே" என்றார். பிறகு மெதுவாக நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தார். அவர் மனதில் ஓடுவது எனக்கும் ஓடியது, மறைப்பானேன். சின்னவள் மீது இவளுக்கு இருக்கிற எரிச்சல் ஊரறிந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் முதலாளி.

அவள் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைதான். தெரியல. அதைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் கம்ப்யூட்டரைப் பற்றி அந்த வார்த்தையை அவள் வாய் சொன்னதே இல்லை. அதுவும் சின்னவளின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சின்னவளின் பெட்டிக்கு முன்னால். அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு, "நான்தான் அழிச்சேன்" என்றாள்.

"வேணும்னேவா?"

"ஆமா, வேணும்னேதான்."

பொறாமைக்காரி என்ற பெயர் அவளுக்கு ஏற்கெனவே இருந்தது. அதில் இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் சுமப்பாள். தெரியாதவள் என்ற பெயரை மட்டும் சுமக்க மாட்டாள். முதலாளி வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். திங்கட்கிழமை பேருந்து நிறுவனத்துக்குப் பக்கங்கள் போயாக வேண்டும். வெளியூரில் ஒரு பெரிய தட்டச்சுக் கூடம் இருக்கிறது, இனிமேல் எல்லா வேலையையும் அங்கேயே அனுப்பிவிடுகிறேன், இந்த இரண்டு வீட்டுச் சண்டையே வேண்டாம் என்றார். அதாவது பெரியவளுக்கும் இனி வேலை கிடையாது. அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சின்னவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க" என்று நான்தான் அவரை நிறுத்தினேன். பெரியவளின் பாதி வீட்டில்தான் போன் இருந்தது. சின்னவளின் அம்மா வீட்டுக்கு நானே போட்டேன்; பெரியவளும் முதலாளியும் அங்கே வருவதற்குள் திரையில் பார்த்ததைச் சொன்னேன். எழுத்துரு இருக்கிறது, அட்டவணை இல்லை, வரைபடமும் இல்லை.

"சுவிட்ச அணைச்சாங்களா?" என்றாள் சின்னவள்.

"சுவத்து சுவிட்சையும்."

அவள் அழுகிறாளோ என்று நினைத்தேன். அந்த வரைபடத்துக்கு அவள் எத்தனை நாள் உட்கார்ந்தாள் என்று எனக்குத் தெரியும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்த டிஸ்க்கின் சங்கதியைச் சுருக்கமாகச் சொன்னாள். பிறகு, "அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "வேணும்னே அழிச்சேன்னா?" என்று அவளே திரும்பச் சொல்லிப் பார்த்தாள். "சரி, முதலாளிகிட்ட குடுங்க. நான் சொன்னத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

முதலாளிக்கு அச்சு எந்திரச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. போனில் கேட்பதையெல்லாம் உரக்கத் திருப்பிச் சொல்வார். பெரியவள் வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னது? வேணும்னேதான் அழிச்சிருப்பாங்களா? அதத்தான்மா நானும்... என்ன? ஓரமா? கட்டத்தோட ஓரம் சரியா வரலேன்னா வெச்சிருக்க மாட்டாங்களா? ஒம் மேப்பும் கோணலா? அதயும் சேத்துத்தான் அழிச்சிருப்பாங்களா? நீ கோவிச்சுக்கலியா? ... சரி... சரிம்மா. நீயே வர்றியா? அவங்க அடிச்சா திங்கக்கெழம முடிஞ்சுடுமா? வேற யாராலயும் முடியாதா?"

போனை வைத்துவிட்டுப் பெரியவளைப் பார்த்தார். அவர் பார்வை மாறியிருந்தது. "ஓரம் சரியில்லேன்னா என்கிட்ட சொல்லக் கூடாதா? இப்படியா பயமுறுத்தறது?" என்றவர், செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஒரு டீ கேட்டார்.

பெரியவள் அடுப்படிக்குள் போனாள். பின்னாலேயே நானும் போனேன். அவள் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த மேப் கோணலே இல்ல" என்றாள். "அவ்ளோ நல்லா என்னால ஜென்மத்துக்கும் போட முடியாது." கொஞ்சம் கழித்து, "பொய்ய எவ்ளோ அழகாச் சொல்றா பாத்தியா? எனக்கு வருமா அது? ஒரே கத்தா கத்தியிருப்பேன்" என்றாள். நன்றி சொல்கிறாளா, பொறாமைப்படுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்கும் பிடிபட்டிருக்காது.

அன்று மத்தியானமே சின்னவள் கட்டுப்போட்ட கையோடு வந்து இறங்கினாள். யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பெரியவள் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் கைப்பிரதியைப் படித்துக் காட்ட, அவள் அடித்தாள். எதில் சேமிப்பது என்று கேட்காமல், ஒவ்வொரு பக்கமாக முடித்துத் திறந்தபடியே விட்டுக்கொண்டு போனாள்; இரவிலும் பெட்டியை அணைக்கவில்லை. அவள் எழுந்து கையை உதறும் நேரத்தில் சின்னவள் உட்கார்ந்து இடது கையால் மவுஸைப் பிடித்து வரைபடத்தை மறுபடி போட்டாள். இடது கையில் கோடு நடுங்கியது. ஒரு கோட்டைப் பத்து தடவை இழுத்தாள். பெரியவள் வேண்டுமென்றே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள், ஆனால் ஓரக்கண் திரையில்தான்; கோடு ஒவ்வொரு முறை தவறும்போதும் உச்சுக்கொட்டினாள்.

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. பெரியவள் நடுப் பட்டனை அழுத்தி, சேமிக்கிற கட்டத்தைத் திறந்து, முதல் பக்கத்தின் ஐகானை மவுஸால் பிடித்தாள். பிடித்தபடியே நின்றுவிட்டாள். அடியில் இரண்டு டிஸ்க்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் போட்டது ஏன் காணாமல் போயிற்று என்று அவளுக்குத் தெரியாது, மற்றதில் போட்டால் மட்டும் நிற்கும் என்று எதை வைத்து நம்புவது? விரலை விடவும் முடியவில்லை. ஐகானை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டே இருந்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். சின்னவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"இத..." என்றாள் பெரியவள். "இத எங்க போடறது?"

"பிளாப்பியிலக்கா."

போட்டாள். பிளாப்பி கர்ரென்றது. மீதிப் பக்கங்களும் வரைபடமும் ஏறி முடியும் வரைக்கும் அவள் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்ப அந்த இன்னொண்ணு ஹார்ட் டிஸ்க் இல்லியா?"

"இல்லக்கா. அது வெறும் மெமரி. கரண்ட் போனா அதுல இருக்கறதும் போயிடும்."

"இது உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. பள்ளிக்கூடத்துல சேந்த புதுசுல நானும் அதுலதான் வெச்சேன். வருஷப் பரீட்ச மார்க்கெல்லாம் ஒட்டுமொத்தமாப் போயிடுச்சு. எல்லாருக்கும் ஒரு தடவ போகும்க்கா."

இப்போது பெரியவள் மனம் இளகுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நான் நினைத்தேன். இத்தனை வருடம் பழகியும் புத்தி வரவில்லை எனக்கு. அவள் சின்னவளையே உற்றுப் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது, முகம் சிவந்திருந்தது.

"அப்ப அதுலயும் நீதான் மொதல்லயா?" என்றாள்.

சின்னவள் சிரிக்க ஆரம்பித்து, பெரியவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். பிளாப்பியை வெளியே எடுத்து, இடது கையால் பெரியவளிடம் நீட்டினாள். திங்கட்கிழமை முதலாளியிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது பெரியவள்தான், சின்னவள் வீட்டிலேயே இருந்துகொண்டாள்.